பெட்டி பிரிக்காத பழைய வேக்குவம் கிளீனர்: வாங்குவதும், பூட்டுவதும், முதல்முறை ஓட்டுவதும்

நாற்பது ஐம்பது வருடம் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்த வேக்குவம் கிளீனரில் அலுமினியமும் குரோமியமும் செப்புக் கம்பிச் சுருளும் புதிதாகவே இருக்கும். பெல்ட், கிரீஸ், ஸ்பஞ்ச் ஃபில்டர், ஒயரின் மேலுறை ஆகியவற்றுக்கு ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வயதாகும். புதிதாக இந்தப் பக்கம் வருபவர்கள் பெட்டியைப் பிரித்த கையோடு பிளக்கைச் செருகி ஸ்விட்சைத் தட்டுகிறார்கள். அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்த மோட்டார் அரை நிமிடத்தில் கருகிப்போவது அப்படித்தான். வாங்கிய நாளிலிருந்து முதல் ஓட்டம் வரை ஒரு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பொறுமை இருந்தால் மற்ற வேலைகள் எதுவும் கடினமில்லை.

இவை அதிகம் கிடைக்கும் இடம் அமெரிக்காவும் பிரிட்டனும்தான். மூடப்பட்ட வேக்குவம் கடைகளின் பின்னறைகள், ஒருவர் இறந்தபின் வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கும் எஸ்டேட் சேல், ஈபே, பிரிட்டனில் கார் பூட் சேல் (கார் டிக்கியில் வைத்துப் பழைய சாமான் விற்கும் சந்தை) ஆகியவற்றில் தேடுங்கள். ஆர்வலர்கள் இத்தகைய சரக்கை நியூ ஓல்ட் ஸ்டாக் என்பார்கள். இந்தக் கட்டுரையில் சுருக்கமாகப் 'பெட்டிச் சரக்கு' என்று சொல்வோம்.

எதில் தொடங்குவது

முதல் மெஷினாக ஒரு ஹூவர் அப்ரைட் (நீண்ட கைப்பிடியைப் பிடித்து நின்றபடி தள்ளும் வகை) வாங்குவது நல்லது. அமெரிக்காவில் இருந்தால் 1957இல் வந்த ஹூவர் கன்வர்ட்டிபிள் வரிசை. பிரிட்டனில் இருந்தால் ஹூவர் ஜூனியர். இரண்டுமே நெடுங்காலம் ஏராளமாக உற்பத்தியானவை. அதனால் பெல்ட்டும் காகிதப் பையும் இன்றும் மற்ற கம்பெனிகளின் தயாரிப்பாகக் கிடைக்கின்றன. கழற்றிப் பூட்டுவதும் எளிது. லண்டனில் ஆல்பர்ட்டன், வெம்பிளி பக்கம் இருப்பவர்களுக்கு வெஸ்டர்ன் அவென்யூ ஓரத்தில் பெரிவேலில் நிற்கும் அந்த நீண்ட வெள்ளைக் கட்டடம் தெரிந்திருக்கும். 1930களில் வாலிஸ், கில்பர்ட் அண்ட் பார்ட்னர்ஸ் என்ற கட்டடக் கலை நிறுவனம் வடிவமைத்த, ஒரு காலத்தில் ஹூவர் தொழிற்சாலையாக இருந்த கட்டடம் அதுதான்.

கர்பி அழகான மெஷின், ஆனால் எடை அதிகம். பெட்டிக்குள் உதிரி இணைப்புகளும் நிறைய. 1970களின் பிற்பகுதியில் வந்த கிளாசிக் 3 போன்றவற்றை இரண்டாவது மெஷினாக வைத்துக்கொள்ளுங்கள். 1937இல் லூரெல் கில்ட் வடிவமைத்த எலக்ட்ரோலக்ஸ் மாடல் 30 எல்லோரும் ஆசைப்படும் சரக்கு. (பெயர்ப்பலகையில் ரோமன் எண்ணில் இருக்கும்.) ஆனால் அதன் துணி சுற்றிய ஹோஸ் உள்ளே காற்றுக் கசிந்தால் சரிசெய்வது பெரும்பாடு. நல்ல ஹோஸ் தனியாகக் கிடைப்பதும் அரிது. தன் வெளிக்காற்றின் மேலேயே மிதந்து வரும் ஹூவர் கான்ஸ்டலேஷன் உருண்டையைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். அதை வாங்கலாம், ஆனால் அடிப்பாகத்தை நேரில் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

உண்மையிலேயே ஓடாததா?

விற்பவர்கள் எல்லோரும் பொய் சொல்வதில்லை. பாதிப் பேருக்கு உண்மை தெரியாது. தாத்தா வீட்டு அட்டிக்கில் பெட்டியோடு கிடந்தது என்பதால் ஓடாதது என்று எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டு முறை சுத்தம் செய்துவிட்டு அதே பெட்டியில் போட்டு வைத்ததாகவும் இருக்கலாம். கர்பி, எலக்ட்ரோலக்ஸ், ரெயின்போ போன்றவை வீடு வீடாகப் போய்ச் செய்துகாட்டி விற்கப்பட்டவை. ஆகவே பெட்டியோடு இருக்கும் மெஷின் விற்பனையாளர் கையில் பல வீடுகள் சுற்றிய டெமோ மெஷினாகவும் இருக்கலாம். போதாததற்கு, கர்பி நிறுவனமே பழைய மெஷின்களை வாங்கி மெருகேற்றிப் புதுப்பித்துத் தரும் வேலையையும் செய்துவந்திருக்கிறது. பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். மெருகேற்றிய அலுமினியத்தில் அச்செழுத்துகளின் ஓரங்களும் உடலின் கூரான மடிப்புகளும் லேசாக மழுங்கியிருக்கும். வார்ப்பிலிருந்து வந்த புதிய உடலில் அவை கூர்மையாக இருக்கும்.

கீழ்க்கண்ட இடங்களைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அல்லது நேரில் டார்ச்சோடு பாருங்கள்.

முதலில் அடிப்பாகம். சக்கரத்தின் ஓடும் பரப்பில் அச்சில் வார்த்த கோடு தெரிய வேண்டும். ஓடிய சக்கரத்தில் அது தேய்ந்து போயிருக்கும். சக்கர அச்சில் முடி சுற்றியிருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. கான்ஸ்டலேஷனுக்குச் சக்கரமே இல்லாததால் அடித்தட்டில் வட்ட வட்டமாகக் கீறல் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து பிரஷ் ரோலர். மயிர்க் கற்றைகள் எல்லாம் ஒரே உயரத்தில், நுனி வளையாமல் நிற்க வேண்டும். ஹூவரில் 1926 முதல் மயிர் வரிசைகளோடு கம்பளத்தைத் தட்டும் உலோகப் பட்டையும் உண்டு. அந்தப் பட்டையின் மேல் பூச்சு உரிந்து உலோகம் மின்னினால் மெஷின் உழைத்திருக்கிறது.

மூன்றாவது ஃபேன். ஹூவர் அப்ரைட், கர்பி இரண்டிலும் அழுக்குக் காற்று நேரே ஃபேன் வழியாகத்தான் பைக்குப் போகும். மணலும் ஹேர்பின்னும் நாணயமும் அதில் மோதும். ஃபேன் இதழின் முன்விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம்கூட இல்லாவிட்டால் நல்ல அறிகுறி. எலக்ட்ரோலக்ஸ் போன்ற கேனிஸ்டர் வகையில் (உடல் தரையில் கிடக்க, ஹோஸால் உறிஞ்சும் வகை) காற்று பையில் வடிகட்டப்பட்ட பிறகுதான் மோட்டாருக்கு வரும் என்பதால் இந்தச் சோதனை அங்கே உதவாது. அதற்குப் பதில் பை வைக்கும் அறையின் பின்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். தூசியைத் தண்ணீரில் பிடிக்கும் ரெயின்போவாக இருந்தால் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் உப்புக்கோடு இருக்கிறதா என்று தேடுங்கள்.

நான்காவது கம்யூட்டேட்டரும் (மோட்டார் தண்டில் சுழலும் செப்பு உருளை), அதில் உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷும். ஓடாத மோட்டாரில் செப்பு ஒரே நிறமாக இருக்கும், அல்லது நடுவில் மெல்லிய சாம்பல் நிழல் விழுந்திருக்கும். தொழிற்சாலையிலேயே சோதனைக்காகக் கொஞ்சம் ஓட்டியிருப்பார்கள் என்பதால் அந்த நிழலைக் குற்றமாகக் கொள்ள வேண்டாம். கறுப்பாகத் தடம் பதிந்து, விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்பட்டால் அது ஓடிய மோட்டார். எல்லா விற்பவரும் மோட்டாரைத் திறந்து காட்ட மாட்டார்கள். வெளியிலிருந்தே பிரஷ் மூடியைத் திருகி எடுக்கும் மாடல்களில் மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒயர். புதிய ஒயர் தொழிற்சாலையில் மடித்த மடிப்போடு, கட்டிய கம்பியோடு இருக்கும். பிரிட்டனில் இன்னொரு அருமையான சாட்சி உண்டு: 1990களின் நடுவில் சட்டம் வரும்வரை அங்கே மின்சாதனங்களைப் பிளக் இல்லாமலே விற்பார்கள். வாங்கியவர்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே 1960, 70களின் ஹூவர் ஜூனியர் ஒயர் முனை வெறுமனே, ஒரு சீட்டு கட்டிய நிலையில் இருந்தால் அது வீட்டு மின்சாரமே பார்க்காத மெஷின் என்று ஏறக்குறைய நம்பலாம்.

நிரப்பாத வாரன்டி அட்டை, பிரிக்காத காகிதப் பை பாக்கெட் எல்லாம் துணைச் சாட்சிகளே. அவற்றைத் தனியாக வாங்கிச் சேர்த்துவிட முடியும்.

விலைக்கு ஒரே ஒரு அறிவுரை. கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஈபேயில் 'விற்று முடிந்தவை' என்று வடிகட்டி, உண்மையில் கைமாறிய விலைகளைப் பாருங்கள். இரண்டும் வெகுதூரம் விலகி நிற்கும்.

அஞ்சலில் வருவதானால், பழைய பெட்டியை அப்படியே அனுப்ப விடாதீர்கள். எல்லாப் பக்கமும் குறைந்தது 5 சென்டிமீட்டர் குஷன் இருக்கும்படி இன்னொரு பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். வழியில் உடைவது பெரும்பாலும் விளக்கு மூடியும், பேக்லைட் (எளிதில் உடையும் பழைய பிளாஸ்டிக்) முன்மூடியும், மெஷினோடு உரசும்படி செருகிய கைப்பிடிக் குழாயும்தான். இந்தக் குழாய் தனியாகச் சுற்றப்பட்டிருக்க வேண்டும். அதற்குக் கூடுதலாகப் பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

பெட்டியைத் திறப்பது

குளிரான அட்டிக்கிலிருந்தோ லாரியிலிருந்தோ வந்த பெட்டியை உடனே திறக்க வேண்டாம். வீட்டு வெப்பத்தில் ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். குளிர்ந்த உலோகத்தின் மேல் அறையின் ஈரம் பனித்துளியாகப் படியும், மோட்டார் சுருளுக்குள்ளும் படியும். தவிர, குளிரில் விறைத்த பிவிசி ஒயரை இழுத்துப் பிரித்தால் மேலுறை வெடிக்கும்.

பெட்டியும் மதிப்புள்ளது. அடிப்பக்க மடிப்பைத் திறந்தால் மேற்பக்கத்து அச்சும் முத்திரையும் கெடாது. ஒவ்வொரு அடுக்கை எடுக்கும்போதும் ஒரு படம் எடுங்கள், எது எந்தத் திசையில் இருந்தது என்பது பிறகு தேவைப்படும். கைப்பிடி போல்ட், நட், வாஷர் அடங்கிய சின்னக் காகித உறை பெரும்பாலும் அட்டை மடிப்புக்குள் செருகியிருக்கும், அல்லது தூசிப் பைக்குள் போட்டிருப்பார்கள். எல்லா மடிப்பையும் பிரித்துப் பார்க்காமல் எந்த அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். கையேட்டில் உள்ள பாகப் பட்டியலோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

தெர்மாகோல் அச்சில் வைத்த மெஷினாக இருந்தால் கவனம். பிவிசி ஒயரிலிருந்து கசியும் மென்மையாக்கி எண்ணெய் தெர்மாகோலைக் கரைக்கும். ஒயர் அதில் புதைந்து ஒட்டியிருக்கும். பிளாஸ்டிக் உடலின் மேல் ஒயர் பல வருடம் அழுந்தியிருந்தாலும் அதேபோல் உருகிய தடம் விழும். இழுக்காமல், சுற்றியுள்ள தெர்மாகோலை வெட்டி எடுத்து, ஒட்டிய துணுக்குகளை நகத்தால் மெல்ல உரியுங்கள். தின்னர், அசிட்டோன் எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். பிளாஸ்டிக் உடல் பாழாகிவிடும்.

பிளக் போடுமுன்

இந்தப் பகுதியில் அவசரப்படக் கூடாது. தேவையானவை: மல்டிமீட்டர், 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டர் (மின்கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும் கருவி; நம் எலக்ட்ரீஷியன்கள் மெக்கர் என்பார்கள், இரவல் வாங்கினால் போதும்), சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட், எஸ்ஏஇ 20 மோட்டார் எண்ணெய், வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) அல்லது சீரியஸ் லேம்ப் (மெஷினோடு தொடராக இணைக்கும் குண்டு பல்பு).

ஒயரை அடி அடியாகக் கையால் வளைத்துப் பாருங்கள். 1950களுக்கு முந்தைய ரப்பர் ஒயர் வளைக்கும் இடத்தில் பொடிந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஒட்டு டேப் சுற்றிப் பிழைக்க நினைக்க வேண்டாம், ஏனென்றால் வெளியே தெரியும் வெடிப்பு உடலுக்குள் நுழையும் இடத்திலும் இருக்கும். பிவிசி ஒயர் வெறும் பிசுபிசுப்போடு இருந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

பிரிட்டன் மெஷினுக்குப் பிளக் மாட்டும்போது நிறங்களில் குழம்பாதீர்கள். 1970 வாக்கில் நிறங்கள் மாறின. அதற்கு முன்: சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அதன் பின்: பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். முனையில் ஈயம் பூசியிருந்தால் அந்த நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக இழையை உரித்து மாட்டுங்கள். ஈயம் திருகின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி, பிடி தளர்ந்து, பிளக் சூடாகும். பிளக்குக்குள் ஃபியூஸ் கையேடு சொல்லும் அளவில் இருக்கட்டும். கையேடு இல்லையென்றால் பெயர்ப்பலகையில் வாட்டைப் பார்த்து, 700 வாட்டுக்குக் கீழே 3 ஆம்பியர் போடுங்கள். பிளக்கோடு பழக்கமாக வரும் 13 ஆம்பியரை அப்படியே விட்டால் மெல்லிய ஒயருக்குப் பாதுகாப்பில்லை.

உடலைத் திறந்ததும் மோட்டார் பக்கத்தில் ஒரு சின்னக் கெபாசிட்டர் தேடுங்கள். ரேடியோ, டிவியில் இரைச்சல் வராமல் இருக்க ஐரோப்பிய மெஷின்களில் வைத்தது. காகிதச் சுருளைப் பிசினில் வார்த்த பழைய வகை என்றால், ஓடாமலே இருந்தாலும் மேற்பரப்பு வெடித்து ஈரத்தை உறிஞ்சியிருக்கும். மின்சாரம் பட்ட சில நிமிடங்களில் புகைந்து நாறும். மோட்டார் கருகிவிட்டது என்று பலர் பதறுவது இந்தச் சின்னப் பெட்டியால்தான். அதே மைக்ரோ ஃபேரட் அளவில் எக்ஸ்2 வகை புதிது மாற்றுங்கள். லைனிலிருந்து உலோக உடலுக்குப் போகும் இணைப்பில் உள்ளதற்கு மட்டும் ஒய் வகைதான் போட வேண்டும். அங்கே எக்ஸ் வகை போட்டு, அது பழுதானால் உடலில் மின்சாரம் பாயும்.

அடுத்து பேரிங். ஃபேனை விரலால் சுண்டினால் சில சுற்றாவது தானே ஓடி நிற்க வேண்டும். அரைச் சுற்றில் நின்றால் கிரீஸ் மெழுகாக இறுகிவிட்டது என்று பொருள். வெண்கல புஷ் (தண்டு உள்ளே சுழலும் வளையம்) உள்ள மோட்டாரில் பக்கத்தில் எண்ணெய் உறிஞ்சிய கம்பளித் திரி இருக்கும். அதில் இரண்டு மூன்று சொட்டு எஸ்ஏஇ 20 விட்டு, ஒரு மணி நேரம் ஊற விட்டு, மறுபடி சுற்றிப் பாருங்கள். அதிகம் விட்டால் கம்யூட்டேட்டருக்கு ஓடிப்போய்க் கார்பன் தூளோடு சேர்ந்து பசையாகும். டபிள்யூடி-40 அடிக்க வேண்டாம்: அது இருக்கும் எண்ணெயையும் கழுவிவிட்டு ஆவியாகிவிடும். பந்து பேரிங் உள்ள மோட்டாரில் இறுகிய கிரீஸைக் கழுவி மறுபடி நிரப்புவதைவிட, பேரிங்கையே மாற்றுவது மலிவு. எண் வளையத்திலேயே பொறித்திருக்கும். 608 என்றிருந்தால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மில்லிமீட்டர். எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும்.

ஸ்பஞ்ச் ஃபில்டர் இருந்தால் தொட்ட மாத்திரத்தில் பொடியாகும். அந்தப் பொடி மோட்டாருக்குள் போகாமல் மெஷினைக் கவிழ்த்துப் பிடித்து எடுங்கள். பழைய பெல்ட் இரண்டு விதமாகக் கெட்டிருக்கும்: கல்லாக இறுகி, இழுத்தால் முறியும், அல்லது தாராக உருகிப் புல்லியில் ஒட்டியிருக்கும். ஒட்டியதை மரக்குச்சியால் சுரண்டுங்கள், இரும்பால் வேண்டாம்.

இப்போது மெக்கர். பிளக்கின் லைவ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாக இணைத்து ஒரு முனையிலும், மெஷினின் வெளியுலோகத்தை மறு முனையிலும் வைத்து, மெஷின் ஸ்விட்சை ஆன் நிலையில் போட்டுச் சோதியுங்கள். (ஸ்விட்ச் ஆஃபில் இருந்தால் மோட்டாரைச் சோதிக்காமலே நல்ல எண் காட்டும்.) எர்த் ஒயர் உள்ள மெஷினில் குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும். எர்த் இல்லாத இரண்டு கம்பி மெஷினில் 2 மெகா ஓம். பழைய அமெரிக்க மெஷின்கள் பல முழு உலோக உடல், இரண்டே பின், எர்த் கிடையாது; ஆகவே அவற்றில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. எண் குறைவாக வந்தால் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். மோட்டாரைக் கழற்றி ஒரு பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பு எரியவிட்டு, பல்பு தொடாத தூரத்தில் ஓரிரு நாள் உலர வையுங்கள். அப்புறமும் ஏறாவிட்டால் அந்த மெஷின் அலமாரியில் காட்சிக்கு மட்டும்.

பூட்டுவது

அப்ரைட் மெஷின்கள் கைப்பிடி தனி, பை தனி என்றுதான் பெட்டியில் வரும். முதலில் கைப்பிடியின் கீழ்க் குழாயை மெஷினின் கவைக்குள் செருகுங்கள். கைப்பிடியில் ஸ்விட்ச் உள்ள மாடலில் குழாய்க்குள் ஒயர் ஓடும். அதை இரண்டு குழாய்க்கும் நடுவில் நசுக்காமல், முன்பே உள்ளே இழுத்து இடம் கொடுத்துவிட்டுத்தான் போல்ட்டைச் செருக வேண்டும்.

போல்ட் தொலைந்திருந்தால் வீட்டிலிருக்கும் மெட்ரிக் போல்ட்டை அழுத்தித் திருகாதீர்கள். அமெரிக்க மெஷின்களில் 8-32, 10-24 போன்ற அங்குல மரை. பழைய பிரிட்டன் மெஷின்களில் 2 பிஏ, 4 பிஏ. 2 பிஏ போல்ட்டின் விட்டம் 4.7 மில்லிமீட்டர், 10-24 ஏறக்குறைய 4.8. இரண்டும் மெட்ரிக் எம்5 போல்ட் போலவே கண்ணுக்குத் தெரியும், ஆனால் மரை வேறு. ஒரு முறை தப்பான போல்ட்டைத் திருகினால் அலுமினியத்தின் மரை போய்விடும். கையால் மூன்று சுற்று இலகுவாகப் போனால்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டும்.

கைப்பிடி நின்றதும் நேர்நிலை, சாய்ந்த நிலை, தரைமட்டம் மூன்றிலும் பூட்டு விழுகிறதா என்று பார்த்துவிட்டு, ஒயரைக் கைப்பிடியின் பிடிப்பானில் மாட்டுங்கள். பிடிப்பானுக்கும் உடலுக்கும் நடுவில் கைப்பிடி முழுக்கச் சாயும் அளவுக்கு ஒயர் தளர்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை சாய்க்கும்போதும் இழுபட்டு உள்ளே இற்றுப்போகும்.

அடுத்து பை. கீழ் வளையத்தை மெஷினின் காற்று வாயில் வைத்து, ரப்பர் வளையம் மடங்காமல் முழுக்க உட்கார்ந்ததை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தபின் கிளிப்பைப் போடுங்கள். மேல்முனையின் ஸ்பிரிங்கைக் கைப்பிடிக் கொக்கியில் மாட்டினால் ஸ்பிரிங் கொஞ்சம் நீண்டு, பை முறுக்கில்லாமல் நேராகத் தொங்க வேண்டும். முறுக்கியிருந்தால் காற்று அடைபட்டு இழுவை குறையும். மோட்டார் பழசு என்று வீணாகச் சந்தேகப்படுவீர்கள். காகிதப் பை வாங்கும்போது எழுத்தைப் பாருங்கள். கன்வர்ட்டிபிளில் பையை மேலிருந்து போடும் மாடலுக்கு ஏ வகை, கீழிருந்து போடும் மாடலுக்கு சி வகை. பெட்டியோடு வந்த பழைய காகிதப் பையைப் பயன்படுத்தாதீர்கள். காகிதம் நொறுங்கும் பதத்தில் இருக்கும். அதைச் சரக்கோடு பத்திரப்படுத்துவதே சரி.

பெல்ட்டில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பழைய ஹூவர் அப்ரைட்டில் மோட்டார் தண்டு செங்குத்தாகவும், பிரஷ் ரோலர் படுக்கையாகவும் இருப்பதால் பெல்ட் கால் சுற்று முறுகித்தான் போகும். முறுக்கும் பக்கம் மாறினால் ரோலர் எதிர்த்திசையில் சுழலும். அடித்தட்டிலோ கையேட்டிலோ படமும் அம்புக்குறியும் இருக்கும், அதன்படி மாட்டுங்கள். படம் இல்லையென்றால் ஒரு விதி: மெஷின் தரையில் நிற்கும்போது, ரோலர் முன்னோக்கி உருளும் சக்கரத்தின் திசையில் சுழல வேண்டும். சரியாக மாட்டிய மெஷின் கம்பளத்தில் தானே முன்னால் போகப் பார்க்கும். தப்பாக மாட்டியது பின்னால் தள்ளும், குப்பையையும் முன்பக்கம் வீசும்.

பெல்ட்டை முதலில் ரோலரில் போட்டு, ரோலரை இடத்தில் உட்காரவைத்து, கடைசியில் மோட்டார்ப் புல்லியில் இழுத்து மாட்டுங்கள். சரியான மாடலுக்கான பெல்ட்டே வேண்டும். இறுக்கமானது மோட்டாரைச் சூடாக்கிப் பேரிங்கைத் தின்னும். தளர்ந்தது வழுக்கி ரப்பர் கருகும் வாடை தரும்.

கர்பியில் ரோலரின் இரு முனை மூடிகளிலும் 1, 2, 3 என்று உயர நிலைகள் உண்டு, மயிர் தேயத் தேய ரோலரைத் தாழ்த்துவதற்காக. இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மாறியிருந்தால் ரோலர் சாய்ந்து ஒரு பக்கம் மட்டும் தேயும். மெஷினைக் கவிழ்த்து வாயின் குறுக்கே ஒரு தடிமனான அட்டையை வைத்து ரோலரைக் கையால் சுற்றினால், மயிர் அட்டையைத் தொட வேண்டும். அட்டையைத் தூக்கி எறியும் அளவுக்கு நீண்டிருந்தால் அதிகம்.

முதல் ஓட்டம்

பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஃபேனை மட்டும் மாட்டிய நிலையில் தொடங்குங்கள். ஃபேன் இல்லாமல் ஓட்டக் கூடாது: இந்த வகை மோட்டார் பளு இல்லாவிட்டால் கட்டுமீறி வேகம் எடுக்கும்.

வேரியாக் இருந்தால் முழு வோல்டேஜில் மூன்றில் ஒரு பங்கில் ஆரம்பித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பாதி வோல்டேஜில் இருபது முப்பது நிமிடம் ஓட விட்டால் கார்பன் பிரஷ் கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் பொருந்திவிடும். முதலில் நீலப் பொறி தெரியும், நேரம் போகப் போகச் சிறுத்துவிட வேண்டும். கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாகத் தீ ஓடினால் உடனே நிறுத்துங்கள். ஆர்மேச்சரில் (மோட்டாரின் சுழலும் பாகம்) சுருள் அறுந்திருக்கலாம், அல்லது கம்யூட்டேட்டர் இடைவெளிகளில் குப்பை சேர்ந்திருக்கலாம்.

வேரியாக் இல்லாவிட்டால் சீரியஸ் லேம்ப். 100 முதல் 200 வாட் வரை உள்ள குண்டு பல்பை லைனில் தொடராக இணையுங்கள். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. பல்பு எரிந்து மோட்டார் மெல்லச் சுழலத் தொடங்கினால் நல்லது. பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து மோட்டார் அசையாவிட்டால், ஷார்ட் அல்லது இறுகிய பேரிங். கையால் சுற்றிப் பார்த்தால் எது என்று தெரியும். பல்பே எரியாவிட்டால் ஸ்விட்ச் முனையில் களிம்பு பிடித்திருக்கும், அல்லது கார்பன் பிரஷ் தன் கூட்டுக்குள் ஒட்டிக்கொண்டு கம்யூட்டேட்டரைத் தொடாமல் நிற்கும். பெட்டிச் சரக்கில் இந்த இரண்டாவது அடிக்கடி நடக்கும். பிரஷை வெளியே இழுத்து, கூட்டைத் துடைத்து, மறுபடி அதே திசையில் செருகினால் முடிந்தது.

முழு வோல்டேஜில் பத்து நிமிடம் நன்றாக ஓடியபின் பெல்ட்டை மாட்டிக் கம்பளத்தில் ஓட்டுங்கள். முதல் சில நிமிடம் புதிய ரப்பர், சூடான வார்னிஷ் வாடை வரும், அது இயல்பு. கருகல் வாடையும் கண்ணில் எரிச்சலும் இயல்பல்ல. கன்வர்ட்டிபிளில் ஹோஸ் இணைப்பைச் செருகியதும் மோட்டார் தானாக அதிக வேகத்துக்கு மாற வேண்டும். மாறாவிட்டால், இணைப்பைச் செருகும்போது அழுந்த வேண்டிய சின்ன ஸ்விட்ச் இறுகியிருக்கும்.

கேனிஸ்டரில் ஹோஸ் சோதனை முக்கியம். மெஷின் வாயை உள்ளங்கையால் மூடி, மோட்டாரின் சத்தம் எவ்வளவு உயர்கிறது என்று கேளுங்கள். பிறகு ஹோஸை மாட்டி, அதன் நுனியை மூடிக் கேளுங்கள். இரண்டாவது முறை சத்தம் குறைவாக உயர்ந்தால் ஹோஸ் வழியில் கசிகிறது.

ஊருக்குக் கொண்டுபோனால்

பிரிட்டன் மெஷின் 240 வோல்ட் என்பதால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உள்ள 230இல் தடையின்றி ஓடும். அமெரிக்க 120 வோல்ட் மெஷினை நேரே செருகினால் அந்த நொடியே போய்விடும். அதற்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பெயர்ப்பலகை வாட்டைப் போல் இரண்டு மடங்கு திறனுள்ளதாக வாங்குங்கள், தொடக்கத்தில் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் மிக அதிகம். பயணிகளுக்கு விற்கும் கையடக்க எலக்ட்ரானிக் கன்வர்ட்டர் மோட்டாருக்கு ஒத்துவராது. 60 சைக்கிளா 50 சைக்கிளா என்று கவலைப்பட வேண்டாம். கார்பன் பிரஷ் உள்ள மோட்டாருக்கு அது பொருட்டில்லை. கம்பளமே இல்லாத டைல்ஸ், மொசைக் தரைக்கு அப்ரைட் ஏற்றதல்ல, ரோலர் குப்பையைச் சிதறடிக்கும். அங்கே பயன்படுத்த நினைப்பவர்கள் கேனிஸ்டர் வாங்குவதே சரி.

ஓட்டாமல் மாதக்கணக்கில் வைப்பதானால் பெல்ட்டைப் புல்லியிலிருந்து கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இழுபட்ட நிலையிலேயே நீண்டுவிடும். ஒயரை உடலைத் தொடாமல் பருத்தித் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். பிளாஸ்டிக் உறையால் மூடினால் உள்ளே ஈரம் தங்கும். பழைய வேட்டி போதும். கழற்றிய அசல் பெல்ட், பை, கெபாசிட்டர், போல்ட் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு, எந்தத் தேதியில் எதை மாற்றினீர்கள் என்று எழுதி அதே பெட்டிக்குள் வையுங்கள். அடுத்து வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.